வாசலில் கட்டிய மஞ்சள் நாடா

வௌவால் மூத்திரம் பிடிப்பதுதான் அன்புக்கரசிக்கு வேலை. யாராவது கேட்டால் அப்படியேதான் சொல்வாள். கேட்டவர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறது, அது மனுஷருக்குத் தாவுமா என்று அங்கே ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது. குழுவுக்குத் தலைமை டாக்டர் ஜோதிலட்சுமி. அன்புக்கரசி அங்கே கண்ணாடிக் குழாய் கழுவத்தான் சேர்ந்தாள். ஒருநாள் வலையில் மாட்டிய வௌவாலை எடுக்கத் தெரியாமல் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தடுமாறிக்கொண்டு நின்றார்கள். இவள் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு போய், கழுத்தடியில் பிடித்து, சிறகை மடக்கித் துணிப்பைக்குள் விட்டுவிட்டு வந்தாள்.

"பயமா இல்லையா அரசி?" என்றார் ஜோதிலட்சுமி.

"சைதாப்பேட்டை மார்க்கெட்ல கோழி புட்சவ மேடம் நானு. இதுக்கு இன்னா பயம்?"

அன்றிலிருந்து வெளிவேலைக்கு அவள்தான். விடியுமுன் மரத்தடியில் பாலிதீன் விரிப்பது, இரை தின்று திரும்பும் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கியபடி பெய்வதைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக் குப்பியில் அடைப்பது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது. கை நடுங்காது. ஒரு குப்பியில்கூட எண் மாறியதில்லை.

பிறந்தது சைதாப்பேட்டை ஆற்றோரம். பிளஸ் டூ வரைக்கும் படிப்பு. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் அம்மா சுலோச்சனாவிடமே திரும்பி வந்துவிட்டாள். வெள்ளம் வந்த வருஷம் குடிசை போனது. பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு தடவை அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து போவதற்குள் அம்மா துணிபோலத் துவண்டுவிடுவாள். அதனால்தான் மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷன் எடுத்தாள் அன்புக்கரசி. வாடகை அவள் சம்பளத்தில் பாதியைத் தின்றது. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில்.

வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி.நகரில் துணிக்கடை. மந்தைவெளியில் மட்டும் மூன்று வீடு. மாசம் ஒருதரம் வாடகை வாங்க வருவார், சில சமயம் பள்ளிக்கூடம் படிக்கும் மகளும் கூட வருவாள், மற்றபடி தொந்தரவில்லை.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட ஏப்ரல் மாதம். வௌவாலிலிருந்துதான் நோய் வந்தது என்று டிவியில் சொல்லச் சொல்ல, யாரோ ஒருவர் பழைய பத்திரிகைப் படமொன்றைத் தேடியெடுத்துத் தெரு வாட்ஸ்அப்பில் போட்டார். வெள்ளை அங்கி போட்டு, கையில் வௌவாலோடு சிரித்துக்கொண்டு நின்றவள் அன்புக்கரசி.

மறுநாள் காலை வெள்ளைச்சாமி வந்து கீழேயே நின்றார். மூக்கிலும் வாயிலும் துண்டு.

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிரணும். தெருவே எங்கிட்ட சண்டைக்கு வருது. வவ்வாலத் தொட்ட கையோட நீ இந்தப் படி ஏறப்படாது."

"சார், அம்மாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ் கீது. ஒரு வாரம் டைம் குடுங்க, போய்டறோம்."

"ஒரு நாளுங் கெடையாது. போலீசக் கூப்பிடட்டுமா?"

சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்தது. பாத்திரங்களையும் கட்டிலையும் ஏற்றியாயிற்று. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் ஒரு படி இறங்க, பின்னாலேயே வெள்ளைச்சாமி அவள் கால் வைத்த படியில் பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டு வந்தார். தெருவே பால்கனியில் நின்று பார்த்தது. கடைசிப் படியில் அம்மா திரும்பினாள்.

"நான் இன்னா பாவம் பண்ணேன் நைனா?" என்று கேட்டாள். அவர் பவுடர் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பெரும்பாக்கத்து வீட்டுக்கே திரும்பினார்கள். அங்கிருந்து அந்த நாட்களில் வண்டி கிடைக்கவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. மூன்றாம் முறைக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது அம்மாவின் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. பதினோராம் நாள் செத்துப்போனாள்.

அன்புக்கரசி அழுது ஓய்ந்தாள், வேலைக்குப் போனாள். வெள்ளைச்சாமியைத் தேடிக்கொண்டு எங்கும் போகவில்லை. ஆனால் அவர் முகம் மறக்கவில்லை. பழி அவளுக்குள் பாலாகப் பொங்கவில்லை. உறை ஊற்றிய தயிராக மெல்ல மெல்ல இறுகியது.

ஆறு வருஷம் ஆயிற்று.

அடையாற்றில் ஒரு பழைய பங்களா. தோட்டத்தில் மூன்று பெரிய இலுப்பை மரம். முந்நூறு பழந்தின்னிகள் அங்கே குடியிருந்தன. ஆய்வுக்கூடம் எட்டு வருஷமாகப் பார்த்துவரும் மரங்கள் அவை. பங்களாவின் பழைய சொந்தக்காரர் பிள்ளைகளோடு வெளிநாடு போகும்போது வீட்டை விற்றுவிட்டார். புது ஆளிடம் அனுமதி வாங்க ஜோதிலட்சுமி போனபோது அன்புக்கரசியும் கூடப் போனாள். வராந்தாவிலிருந்து இறங்கி வந்தவர் வெள்ளைச்சாமி.

கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. மீசைக்குச் சாயம் அடித்திருந்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவள் கண்களை அவர் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை.

"தாராளமா வாங்கம்மா," என்றார் ஜோதிலட்சுமியிடம். "கேரளாவுல நிபான்னு சொல்லுதாகளே, அது இந்தச் சனியங்கிட்ட இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருங்க, போதும். வவ்வால் இருக்குன்னு மரத்த வெட்ட பெர்மிஷன் தர மாட்டேங்கானுவ. இங்க பிளாட் கட்டணும்."

"இருந்தா இருக்குன்னு எழுதுவோம் சார். இல்லைன்னா இல்லைன்னுதான் எழுதுவோம்," என்றார் ஜோதிலட்சுமி.

"இருக்கும்மா, இருக்கும். பாத்தாலே தெரியலையா?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தண்ணீர் கொண்டு வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். அவர் மகள் சண்முகவடிவு. அன்புக்கரசியிடம் டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, நீங்க மந்தைவெளி மாடி போர்ஷன் அக்காதானே? ஆயா எப்படி இருக்காங்க?"

"செத்துட்டாங்க. உங்க வூட்ட வுட்டுப் போன பதினோராம் நாளு."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. "அப்பாகிட்ட சொல்லட்டுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்," என்றாள் அன்புக்கரசி. "நானே சொல்லிக்கிறேன்."

பேச்சுவாக்கில் வெள்ளைச்சாமியே எல்லாம் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு இந்தத் தோட்டத்திலேயே நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு விருதுநகர். பெரிய எண்ணெய் வியாபாரிகள். நாற்பது பேர் வருகிறார்கள்.

ஜோதிலட்சுமி தன் குழுவுக்கு ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். விடியுமுன் சத்தமில்லாமல் போக வேண்டும், தோட்டத்துக்குள் போன பிறகே அங்கி போட வேண்டும், ஊர் எழும்புமுன் கிளம்பிவிட வேண்டும். "நோய் இருக்கோ இல்லையோ, பயத்தைக் கொண்டுபோய்த் தெருவுல கொட்டிடாதீங்க. அப்புறம் அள்ள முடியாது" என்பார். ஆனால் அந்த வாரம் அவர் டெல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு அன்புக்கரசியிடம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, பள்ளிக்கூட வேன்களும் பால்காரரும் காய்கறி வண்டியும் தெருவில் நிற்கும் நேரமாகப் பார்த்து, ஜீப்பைப் பங்களா வாசலில் நிறுத்தச் சொன்னாள். டிரைவர் அக்பர் பாஷா அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா கா, இந்நேரத்துக்கு? மேடம் திட்ட மாட்டாங்களா?"

"கடிச்சுப் போட்ட பழத்தைப் பொறுக்கணும் பாய். வெளிச்சம் வேணும்."

அது பொய்யில்லை. வௌவால் எச்சில் பட்ட பழமும் அவர்கள் எடுப்பதுதான். அவள் நடுத்தெருவில் நின்று அங்கி மாட்டினாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. அதற்கு மேலே கண்ணாடி, இரட்டைக் கையுறை, ரப்பர் பூட்ஸ். பெட்டியிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்தாள். 'அபாயம், உள்ளே வராதே' என்று அச்சடித்திருந்தது. விதிப்புத்தகத்தில் நாடா கட்டலாம் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் கட்டியதில்லை. கேட்டின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை நாலு சுற்று கட்டினாள்.

சத்தம் கேட்டு வெள்ளைச்சாமி வெளியே ஓடிவந்தார். "என்னம்மா இது, வாசல்ல கட்டுதீங்க?"

"அங்கியே நில்லுங்க சார்."

கைப் பம்பை எடுத்தாள். உள்ளே பிளீச்சிங் கரைசல். அவர் செருப்பின் மேல் அடித்தாள். அவர் பதறிப் பின்வாங்கினார். அவர் கால் வைத்த இடத்தில் அடித்தாள். அவர் இன்னும் ஓரடி நகர்ந்தார், அங்கேயும் அடித்தாள். வராந்தாப் படி வரைக்கும் அவர் பின்னாலேயே அடித்துக்கொண்டு போனாள். தெரு முழுக்க செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது. பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியபோது, கண்ணாடிக்குள் அவள் கண் கலங்கியது. நெடியால் இல்லை. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

எதிர்வீட்டுப் பெண்மணி கேட்டார்: "என்ன வியாதிம்மா? எங்களுக்கு வருமா?"

"இப்ப ஒன்னும் சொல்றதுக்கு இல்லீங்க. ரிசல்ட் வர்ற வரிக்கும் ஜாக்ரதையா இருந்துக்கங்க."

இதிலும் ஒரு சொல் பொய்யில்லை.

நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் சண்முகவடிவு நிற்பது தெரிந்தது. அன்புக்கரசி பார்வையைத் திருப்பிக்கொண்டு பழம் பொறுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெருவே செய்தது. வேலைக்காரப் பெண் வரவில்லை. பால்காரர் பாக்கெட்டைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனார். சமையல் கான்டிராக்டர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடியோ விருதுநகர்வரை போனது. வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் போனில் கூப்பிட்டு, "கொஞ்சம் ஆறப்போட்டுப் பாப்போம்" என்றார்கள். தி.நகர் கடையில் இரண்டு சேல்ஸ் பெண்கள் லீவு போட்டார்கள். எல்லாம் அக்பர் பாஷா டீக்கடையில் கேட்டுவந்து சொன்னது. அன்புக்கரசி ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் வடிவு. அப்பாவை நினைச்சீங்க, புரியுது. என்னை ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

அந்தப் பெண் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சற்றுப் பொறுத்துப் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு அன்புக்கரசி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள்.

ஜோதிலட்சுமி திரும்பி வந்ததும் வீடியோவைப் பார்த்தார். "என்ன அரசி இது?"

"ரூல்ஸ்படிதான் மேடம். நாடா கட்டலாம்னு போட்டிருக்கே."

அவர் உடனே பரிசோதனையை முடுக்கினார். அடுத்த வாரம் திங்கட்கிழமை முடிவு வந்தது. எடுத்த எந்தக் குப்பியிலும் அவர்கள் தேடிய வைரஸ் இல்லை. ஜோதிலட்சுமி கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"நீதானே பயமுறுத்தின. நீயே இன்னைக்குக் கொண்டுபோய்க் குடு. தெரு சங்கத்துக்கும் ஒரு காப்பி."

அவள் வாங்கினாள். மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

புதன்கிழமை வெள்ளைச்சாமியே வந்தார். வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்த பிறகு அவரைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நின்றார். முகம் கறுத்துச் சுண்டியிருந்தது.

"அந்த ரிசல்ட்டு வந்திருச்சாம்மா? ஒண்ணுமில்லன்னு ஒரு கடிதாசி மட்டும் குடுத்திருங்க. மாப்ள வீட்டுக்குக் காட்டணும்."

"இருக்குன்னுதானே எழுதித் தரச் சொன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேன் தாயி."

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். "என்னைத் தெரியுதா?"

அவர் உற்றுப் பார்த்தார். உண்மையாகவே தெரியவில்லை. மந்தைவெளி என்றாள். மாடி போர்ஷன் என்றாள். படியில் பவுடர் தூவியதைச் சொன்னாள்.

"எந்த வீடு? மூணு வீடுல்லா இருக்கு..." என்று யோசித்தார். பிறகு, "ஆமா, ஒரு வயசானம்மா... அந்த நேரம் எல்லாரும் அப்படித்தானம்மா செஞ்சோம்? பயம். நான் மட்டுமா?" என்றார்.

அவர் காலில் விழுவார் என்று அவள் ஆறு வருஷமாக நினைத்திருந்தாள். இல்லாவிட்டால் எகிறுவார், அதற்கும் பதில் வைத்திருந்தாள். மறந்துபோயிருப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. அவள் அம்மாவின் சாவு அவருக்கு மூன்றில் எந்த வீடு என்கிற குழப்பம், அவ்வளவுதான்.

"ரிசல்ட் வரல," என்றாள். "வந்தா சொல்றோம். போங்க."

அது பொய். அவள் சொன்ன முதல் பொய்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் தெரு சங்கத்துக்காரர்கள் ஆள் வைத்து இலுப்பை மரத்தடியில் சரவெடி கொளுத்தினார்கள். வாளிகளில் மிளகாய்ப் புகையும் போட்டார்கள். முந்நூறு வௌவால்களும் வெயிலில் எழும்பின. கண் கூசி, ஒன்றோடொன்று மோதி, கிண்டிப் பக்கமாகச் சிதறிப் பறந்தன. அது குட்டி போட்டிருக்கும் காலம். தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு தொங்குகிற குட்டிகள் பிடி நழுவி விழுந்தன. அக்பர் பாஷா போன் செய்து, அவள் போய்ச் சேர்ந்தபோது தரையெல்லாம் வெடிக் காகிதம். பதினாலு குட்டிகளைப் பொறுக்கினாள். ஒன்பதுக்கு உயிரில்லை. மிச்சத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"இன்னா கா, நீ அழுவுற?" என்றார் அக்பர் பாஷா. அவர் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை.

மறுநாள் ஜோதிலட்சுமி கேட்டது ஒரே கேள்வி. "போன திங்கட்கிழமை குடுத்த லெட்டர் இத்தனை நாளா எங்க இருந்தது?"

"என் டிராயர்ல மேடம்."

"ஏன்?"

அன்புக்கரசி சொன்னாள். மந்தைவெளிப் படியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. ஜோதிலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"உங்கம்மாவுக்கு நடந்ததுக்கு நான் என்ன சொல்ல முடியும் அரசி? ஆனா எட்டு வருஷ வேலை போச்சு. அந்தக் கூட்டம் இனி அங்க வராது. உன்னை வேலையை விட்டு அனுப்பலை. வெளிவேலைக்கு இனிமே நீ வேணாம்."

அவளை உறைபெட்டி அறையில் போட்டார்கள். குப்பிகளை அடுக்குவது, எடுத்துக் கொடுப்பது. உயிரோடு எடுத்த ஐந்து குட்டிகளில் மூன்று பிழைத்து, வேளச்சேரி கால்நடை மருத்துவர் ஒருவரிடம் வளர்ந்தன என்று கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் விருதுநகர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். சண்முகவடிவின் நிச்சயதார்த்தம் வடபழனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்தச் செய்தி காதில் விழுந்தபோது அன்புக்கரசிக்கு ஒரு பாரம் இறங்கியது. ஆனால் கூடவே வந்த இன்னொரு செய்தி அதைவிடக் கனமாக ஏறி உட்கார்ந்தது. வௌவால் இல்லாத மரத்தை வெட்ட வெள்ளைச்சாமிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவள் வீசிய கல் அவருக்கே பழம் தட்டிக் கொடுத்திருந்தது. இலுப்பை மூன்றும் விழுந்தன. பிளாட் விளம்பரப் பலகை எழும்பியது.

ஆனால் பிளாட் விலைபோகவில்லை. தெருவின் பெயரைப் போனில் தட்டினாலே அந்த வீடியோதான் முதலில் வந்தது. மஞ்சள் நாடா, வெள்ளை அங்கி, செருப்பில் பிளீச்சிங். பார்த்தவர்கள் வேறு இடம் பார்க்கப் போனார்கள். கடிதத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை.

ஆடித் தள்ளுபடியில் ஒரு சனிக்கிழமை அவள் தி.நகருக்குப் போனாள். வேறு கடைகள் எத்தனையோ இருந்தன. நேராக வெள்ளைச்சாமி கடைக்குள் நுழைந்து, புடவைப் பிரிவில் கால் மடக்கி உட்கார்ந்தாள். செண்பகம் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். பத்து, இருபது, முப்பது. அன்புக்கரசி ஓரத்தைத் தடவிப் பார்த்து அடுத்ததைக் கேட்டாள்.

கல்லாவிலிருந்து வெள்ளைச்சாமி பார்த்துவிட்டார். இந்தத் தடவை முகம் தெரிந்தது. எழுந்து வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் குனிந்தார்.

"தாயி, ஒரு உபகாரம். நீ அந்த வெள்ளை டிரஸ்ஸோட வந்து, இங்க ஒண்ணுமில்ல, சுத்தமான இடம்னு ஒரு வார்த்த வீடியோல சொல்லிரு. நீ சொன்னாத்தான் நம்புவாக. அன்னைக்கு உங்கம்மாவுக்குச் செஞ்சது தப்புதான், போதுமா?"

போதுமா என்ற சொல்லை அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குட்டிகளின் ஈரமான உடம்பு கையில் நினைவு வந்தது. அந்தக் கணக்கில் தன் பங்கு இருப்பது அவளுக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அவருக்காக ஒரு சொல்லைக்கூட அவளால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எடுத்துக் கொடுக்க மனமும் இல்லை.

"லெட்டர் குடுத்தாச்சே சார்," என்றாள். பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். "நீ நின்னுக்கினே கீறியேமா, உக்காரு. மடிக்கிறதுக்கு நான் ஒத்தாசை பண்றேன். அந்த மேல் தட்டுல அரக்குக் கலர் ஒன்னு தெரியுதே, அத உங்க மொதலாளிய எடுத்துப் பிரிக்கச் சொல்லு."

செண்பகம் பயந்துபோய் முதலாளியைப் பார்த்தாள். வெள்ளைச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.